மைக்ரோவேவ் என்ன காட்டிச்சு?

"அதுல மணி என்னடா காட்டிச்சு?"

அம்மா இதைக் கேட்டபோது என் விரல் இன்னும் மைக்ரோவேவ் பட்டன் மேல்தான் இருந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டாம் நாள் ராத்திரி அப்போதுதான் ஊரில் அம்மா வீட்டுக்குள் நுழைந்திருந்தோம். அம்மா வாசலில் ஆட்டோக்காரருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில் நான் சமையல்கட்டுக்குப் போய், எதையோ தாறுமாறாகக் காட்டிக்கொண்டிருந்த மைக்ரோவேவைக் கைக்கடிகாரம் பார்த்து 8:38 என்று திருத்திவிட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பினால், அம்மா கட்டைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்கிறாள். "எட்டு முப்பத்தெட்டும்மா" என்றேன். "அது இப்ப நீ வச்சது. முன்னாடி என்ன காட்டிச்சு?" எனக்கு ஞாபகம் இல்லை. ஐந்து சொச்சமா, ஏழு சொச்சமா? தப்பாக ஓடுகிற கடிகாரம் எத்தனை மணி காட்டினால்தான் என்ன? அம்மா ஒன்றும் சொல்லாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஃப்ரீசர் கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா அதை அன்றைக்கே மறந்திருப்பாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி காதுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் ஒரு கடிகாரம் தப்பாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சென்னையில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் ஜெனரேட்டர் இருப்பதால், கரண்ட் போனால் பத்துப் பதினைந்து நொடியில் லைட்டும் ஃபேனும் வந்துவிடும். தூங்குகிறவருக்குக் கரண்ட் போனதே தெரியாது. ஜெனரேட்டர் லைனில் இல்லாத மைக்ரோவேவுக்கு மட்டும் தெரியும். கரண்ட் திரும்பி வந்ததும் 0:00 என்று சிமிட்ட ஆரம்பித்துவிடும். யாராவது வந்து நேரம் சொல்லும்வரை அதே 0:00தான். ஹாலில் இருக்கிற பழைய மியூசிக் சிஸ்டம் இன்னொரு பக்கம் சிமிட்டும். செட்டாப் பாக்ஸ் தானே நேரம் தெரிந்துகொள்கிறது, செல்போனும் அப்படித்தான். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய இந்தப் பெட்டிகளுக்குள் ஒரு சின்ன பட்டன் செல் வைக்க மட்டும் கம்பெனிக்காரர்களுக்கு மனசு வருவதில்லை. சரி, திருத்தலாம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சடங்கு. க்ளாக் பட்டனை இரண்டு தடவை அழுத்து, குமிழைத் திருகு, மறுபடி அழுத்து, நிமிடத்துக்குத் திருகு. ஒரு தடவை கூடத் திருகிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "அதுல யாருங்க மணி பாக்கறா?" என்பாள் என் மனைவி. யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் நான் திருத்துவேன்.

சிங்கப்பூர் கடிகாரம்

வியாதி அப்பா வழி வந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தொண்ணூறுகளின் நடுவில் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு ரேடியோ கடிகாரம் கொண்டுவந்தார். கரண்டில் ஓடும், சிவப்பு எழுத்தில் மணி காட்டும். இருட்டில் அந்தச் சிவப்பு வெளிச்சம் ஷோகேஸ் கண்ணாடி முழுக்கப் படர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லாம் சரி, அந்தக் கடிகாரம் நேரம் மட்டும் காட்டாது. காலையில் ஆகாசவாணியின் 7.15 செய்தி ஆரம்பிக்கும்போது அப்பா சரியாக வைப்பார். மறுநாள் அதே செய்தி ஆரம்பிக்கும்போது பார்த்தால் கடிகாரம் 6:50 காட்டிக்கொண்டிருக்கும். கோடையில் அரை மணி நேரம்வரை பின்தங்கும், ஐப்பசி மழையில் பத்து நிமிடத்தோடு நிற்கும். வெயில் மழை பார்த்து ஓடுகிற கடிகாரத்தை யார் பார்த்திருக்கிறார்கள்?

அப்பா விடவில்லை. டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, தினமும் எத்தனை நிமிடம் குறைந்தது என்று எழுத ஆரம்பித்தார். கரண்ட் போன நாளுக்கு நேராக 'மி.த.' என்று எழுதிவிட்டு எண்ணை விட்டுவிடுவார். மின்தடை நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த நாட்களில் கடிகாரத்தின் வயிற்றில் இருக்கும் 9 வோல்ட் பேட்டரிதான் ஓட்டும். பேட்டரியில் ஓடும்போது அது போக்கிரித்தனமாக முன்னும் பின்னும் போகும். கடைசியில் கடைத்தெரு ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். "சார், எங்கிட்டயும் இப்படித்தான் ஓடுது. ஆனா உள்ள ஒரு ரிப்பேரும் இல்ல." அதே நேரம் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் சவூதியிலிருந்து கொண்டுவந்த கடிகாரமும் அந்தக் கடைக்கு வந்திருந்தது. அது மணிக்குப் பத்து நிமிடம் குறைந்தது. கடைக்காரர் அதைக் கவிழ்த்து, அடியிலிருந்த சின்ன ஸ்விட்சை 60-லிருந்து 50-க்குத் தள்ளினார், சரியாகிவிட்டது. எங்களுடையதில் ஸ்விட்ச் ஏற்கெனவே 50-ல்தான் இருந்தது. "சிங்கப்பூர்க் கடிகாரத்துக்கு நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்கல" என்று அப்பா வழக்கை முடித்துக்கொண்டார்.

ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒரு நாள் அந்தக் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே எல்எம் 8560 என்று எழுதிய ஒரே ஒரு சிப். கரண்டில் ஓடும்போது நேரத்தை அளக்க அது சொந்தமாக எதையும் நம்புவதில்லை. சுவர் பிளக்கில் வருகிற மின்சாரம் ஒரு நொடிக்கு ஐம்பது தடவை துடிக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் கணக்கு. அந்தத் துடிப்பை எண்ணி, ஐம்பது ஆனதும் ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளும். சவூதியில் அறுபது துடிப்பு. அதனால்தான் அந்த ஸ்விட்ச். இப்போது, ஐம்பது துடிக்க வேண்டிய மின்சாரம் நாற்பத்தொன்பதுதான் துடித்தால்? கடிகாரம் ஒரு நாளைக்கு 28.8 நிமிடம் பின்தங்கும். தென்னிந்திய கிரிட்டில், அதாவது தென் மாநிலங்களை இணைக்கும் மின்கட்டமைப்பில், அந்தக் காலத்தில் தேவைக்கு உற்பத்தி போதாமல் இந்தத் துடிப்பு எண்ணிக்கை, அதாவது அதிர்வெண், 49-க்குக் கீழே இறங்குவது சர்வசாதாரணம். கோடையில் பம்ப்செட்டும் ஃபேனும் சேர்ந்து இழுத்தால் இன்னும் இறங்கும். மழை பெய்து ஊர் குளிர்ந்தால் கொஞ்சம் ஏறும்.

அப்பாவின் டைரி அலமாரியில் இருந்தது. கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 31 நிமிடம் என்று எழுதிய சித்திரை நாளில் சராசரி அதிர்வெண் 48.9. 22 நிமிடம் என்றால் 49.2. 9 நிமிடம் என்று எழுதி, பக்கத்தில் 'நல்ல மழை' என்று குறித்திருந்த நாளில் 49.7. கடிகாரத்தில் கோளாறு தேடிய மனுஷன், தெரியாமலே தென்னிந்திய கிரிட்டுக்கு ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார். அந்தக் கடிகாரம் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. தனக்கு ஊட்டியதை அப்படியே எண்ணிக் காட்டியிருக்கிறது. 2003 ஜனவரியில் தெற்கிலும் அதிர்வெண்ணைப் பார்த்து விலை வைக்கும் முறை வந்தது; அதிர்வெண் கீழே கிடக்கும் நேரத்தில் ஒதுக்கியதற்கு மேல் கரண்ட் எடுத்த மாநிலம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. அதற்குள் எங்கள் கடிகாரத்தில் சில கோடுகள் அணைந்துபோய், எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது.

இது நம் ஊர் ஏழ்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2018-ல் ஐரோப்பாவிலும் இதே கதை. கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இருந்த தகராறில் கொசோவோ பக்கம் உற்பத்தி குறைந்தது, அதை ஈடுகட்ட வேண்டிய செர்பியா ஈடுகட்டவில்லை. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம்வரை 113 ஜிகாவாட் மணி மின்சாரம் கணக்கில் குறைந்து, இருபத்தைந்து நாடுகளில் அடுப்புக் கடிகாரமும் மைக்ரோவேவ் கடிகாரமும் ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டன. அங்கே சராசரி 49.996. ஆறு நிமிடம் சேர ஏழு வாரம் ஆகியிருக்கிறது, அதற்கே செய்தியாகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

கட்டு கடிகாரமான காலம்

2008-லிருந்து 2014 வரை தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களுக்குக் கரண்ட் கட் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், எங்கள் பக்கம் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம். அந்த வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் கிரிட் அடுத்தடுத்துக் கவிழ்ந்து, இரண்டாம் நாள் சுமார் அறுபது கோடிப் பேர் இருக்கும் பகுதிகளில் கரண்ட் இல்லாமல் போனது. தெற்கு கிரிட் அப்போது வடக்கோடு ஒரே துடிப்பில் இணைக்கப்படவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக அந்த இணைப்பு வந்தது 2013 டிசம்பர் 31-ல்தான். அதனால் நாம் தப்பித்தோம். "அவங்களுக்கு ரெண்டு நாள் போனதுக்கு ஒலகமே பேசுது" என்று டீக்கடையில் ஒருவர் அங்கலாய்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அப்போது எங்கள் வீட்டில் மணி பார்க்கும் வேலையையே கரண்ட் கட் எடுத்துக்கொண்டது. "மொதக் கட்டுக்கு முன்னாடி மாவு அரைச்சிடணும்", "ரெண்டாங்கட்டுல தூங்கிடலாம்", "சாயங்காலக் கட்டு முடிஞ்சதும் மோட்டார் போடு" என்றுதான் அம்மாவின் நாள் ஓடும். மணி ஒன்பது என்று சொன்னால் அவளுக்கு அது எந்தக் கட்டு என்று மொழிபெயர்த்தாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் தம்பி போனஸ் பணத்தில் மைக்ரோவேவ் வாங்கிவந்தான். பால் சுட வைப்பது தவிர வேறு எதற்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. மற்ற நேரத்தில் பிரெட் பாக்கெட்டை எறும்பிடமிருந்து காப்பாற்றும் பெட்டி. அது சென்னை வீட்டுப் பெட்டி மாதிரி சிமிட்டிக்கொண்டு நிற்கிற ரகம் இல்லை. கரண்ட் வந்த நொடியில் 12:00 என்று ஆரம்பித்துத் தன்பாட்டுக்கு ஓடும். அப்பா முதல் மாதம் ஒவ்வொரு தடவையும் திருத்தினார். ஒரு நாளைக்கு ஆறு தடவை. பிறகு அவரே விட்டுவிட்டார். என் அளவுக்கு முற்றவில்லை போலிருக்கிறது.

கொடுவா

அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், முத்துப்பேட்டையிலிருந்து அத்தான் இரண்டு கிலோ கொடுவா கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. சனிக்கிழமை காலையில் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். "ஞாயித்துக்கிழமை வந்து கொழம்பு வைக்கிறேன், திங்கக்கிழமை தின்னுட்டு மெட்ராஸ் போ" என்று சொல்லி அம்மா துண்டு போட்டு, மஞ்சள் தடவி, டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தாள். எனக்குக் கொடுவா என்றால் உயிர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் அந்த டப்பா ஞாபகம்தான்.

திரும்பி வந்தபோது வீட்டில் கரண்ட் இருந்தது. மைக்ரோவேவை நான் திருத்தியதைச் சொன்னேன். சொல்லாமல் விட்ட இன்னொன்று இருக்கிறது. சமையல்கட்டுக்குப் பக்கத்தில் சாமி அலமாரி. அதில் ஒரு சின்ன பல்பு. அதற்கு ஒரு டைமர். தம்பி மகன் மீன்தொட்டி வைத்திருந்த காலத்தில் வாங்கிய டைமர், பிளக்கில் செருகி வைக்கும் வட்ட டயல். இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரு சுற்று மெதுவாகச் சுற்றும். மீன்கள் போன பிறகு அம்மா அதைச் சாமிக்கு மாற்றிவிட்டாள்: சாயங்காலம் ஆறு மணிக்குப் பல்பு எரியும், பத்துக்கு அணையும். அன்றைக்கு எட்டரைக்கு நான் உள்ளே போனபோது பல்பு எரியவில்லை. டயல் எங்கேயோ நின்றிருந்தது. அதையும் ஒரே திருப்பு திருப்பி எட்டரையில் வைத்தேன். பல்பு எரிந்தது. சாமிக்கே வெளிச்சம் போட்ட பெருமை எனக்கு.

அம்மா ஃப்ரீசர் டப்பாவை வெளியே எடுத்தாள். மீன் கல் மாதிரி இருந்தது. வாசனையும் இல்லை. "நல்லாத்தானம்மா இருக்கு" என்றேன். அவள் டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் ஒரு ஓரமாக ஐஸ் சாய்வாக உறைந்திருந்தது, மஞ்சள் கலந்து. "தண்ணி விட்டு மறுபடி கட்டியிருக்கு. எவ்ளோ நேரம் விட்டுச்சுன்னு தெரியல." பிறகு விசாரணை ஆரம்பமானது. சாமி பல்பு எரிந்ததா? இல்லை. "அப்ப ரெண்டரை மணி நேரத்துக்கு மேல." எனக்கு ஒன்றும் புரியவில்லை. டயலைக் கொஞ்சமாகத் திருப்பினாயா, நிறையத் திருப்பினாயா? ஓரளவுக்கு, என்றேன். "ஓரளவுன்னா?" கண்ணை மூடி யோசித்தேன். திருப்பியது ஞாபகம் இருக்கிறது, எங்கிருந்து திருப்பினேன் என்பது இல்லை. மைக்ரோவேவில் ஐந்தா, ஏழா? தெரியாது. அம்மா எதிர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "போச்சு, வந்துச்சு" என்றார்களாம். அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர். ஃபேன் நிற்காதவரை யாருக்கும் கணக்குத் தெரியாது.

டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பூனைக்குப் போடக்கூட மனமில்லை. கஜா புயலில் விழாமல் தப்பித்த ஒற்றைத் தென்னை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து கை கழுவினாள். ஆயிரத்து முந்நூறு ரூபாய் மீன். "நெசமா கெட்டிருந்தா போவட்டும்னு இருக்கலாம். கெட்டுச்சா இல்லையான்னே தெரியாம போடறதுதான்..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி ரசம் சோறு.

ஒரே லைன்

மறுநாள் காலையில்தான் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, நான் எதையும் கேட்காமலே.

வீட்டில் லைட், ஃபேன், டிவி எல்லாம் இன்வெர்ட்டர் லைன். ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் சாமி பல்பும் நேர் லைன், மூன்றும் ஒரே ஃபேஸ். ராத்திரி கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். காலையில் எழுந்து பார்த்தால் ஃபேன் ஓடும், ஃப்ரிட்ஜும் ஓடும். நடுவில் ஃப்ரிட்ஜ் நின்றதற்கு ஒரே சாட்சி மைக்ரோவேவ். சுவர்க் கடிகாரம் ஆறு, அது இரண்டு பத்து காட்டினால், கரண்ட் வந்து இரண்டு மணி பத்து நிமிடம் ஆகிறது. அதாவது மூன்று ஐம்பதுக்கு வந்திருக்கிறது. சரி, எப்போது போனது? அதற்குத்தான் டயல். கரண்ட் போனால் டயல் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நின்ற நேரமெல்லாம் அதில் கடனாகச் சேரும். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது சரியாக வைப்பாள். அதற்குப் பிறகு சாமி பல்பு ஆறே முக்காலுக்கு எரிந்தால், வெள்ளியிலிருந்து மொத்தம் முக்கால் மணி நேரம் கரண்ட் இல்லை. "மைக்ரோவேவ் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல சுத்திடுச்சுன்னா ஏமாத்தும். அப்ப சாமியப் பாக்கணும்." மாவு எவ்வளவு புளித்திருக்கும், பால் காய்ச்ச வேண்டுமா வேண்டாமா, தயிரை மோராக்கிவிடலாமா எல்லாம் அவள் இப்படித்தான் முடிவு செய்கிறாள். நான் வருஷக்கணக்காக ஊருக்குப் போகும்போதெல்லாம் முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் திருத்தி வைத்திருக்கிறேன். "ஏம்மா, சொல்லியிருக்கலாம்ல" என்றேன். "நீ ரெண்டு நாள் இருப்ப, அப்பறம் தானா மாறிடும். அதுக்கு எதுக்கு உன்ன வருத்தப்பட வைக்கணும்?"

எப்போது கற்றுக்கொண்டாள் என்று கேட்டேன். கட்டுக் காலத்தில் பாதி, கஜாவுக்குப் பிறகு மீதி என்றாள். 2018 நவம்பர் 16 விடிகாலை அடித்த காற்றில் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்துமூன்று நாள் ஆனது. லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து, வாடகைக்குத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். அதே சமயம் தெருவே செல்போனை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். சுவரில் பேட்டரிக் கடிகாரம் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்ததாம். அதைப் பார்த்தால் அம்மாவுக்கு ஆத்திரமாக வருமாம். கரண்ட் வந்த ராத்திரி முதலில் விழித்துக்கொண்டது மைக்ரோவேவ்தான். இருட்டு அடுக்களையில் 12:00. அம்மா அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து 12:01, 12:02 என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம், அரை மணி நேரம். மறுபடி போய்விடுமோ என்று பயம். அப்போது அவள் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் லைன்மேன் தெருவுக்கு வந்தார். சனி ராத்திரி பதினொரு மணிவாக்கில் எங்கள் கம்பத்தில் ஜம்பர் (லைன்களை இணைக்கும் துண்டுக் கம்பி) அறுந்துவிட்டது, ஞாயிறு மூன்று மணிக்குத்தான் போட முடிந்தது என்றார். பதினாறு மணி நேரம். ஆக, நான் பார்த்தது ஐந்து சொச்சம்தான். மீனைப் புதைத்தது சரி. ஆனால் அம்மாவுக்கு அதில் ஒரு திருப்தியும் இல்லை. அவள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பதில் வந்தது திங்கட்கிழமை.

சென்னைக்கு வந்து நான் என் பங்குக்கு ஆராய்ந்தேன். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்புக் குறிப்புகளில் எண்களாகவே போட்டிருக்கிறார்கள்: கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவங்க ஊரு ஃப்ரீசர் பீரோ மாதிரி இருக்கும். நம்மளுது சோப்பு டப்பா" என்றாள். இன்னொரு வழியும் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட வேண்டும். ஐஸ் உருகினால் காசு முங்கிவிடும். திரும்ப உறைந்தாலும் காசு அடியில் இருப்பது காட்டிக்கொடுத்துவிடும். இதை அம்மா ஒத்துக்கொண்டாள். இப்போது அவள் ஃப்ரீசரில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. ஆனாலும் காசு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைத்தான் சொல்லும், எப்போது என்று சொல்லாது என்று ஒரு குறை வைத்திருக்கிறாள்.

சென்னை வீட்டில் நான் இன்னும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். 0:00-லேயே நிற்கிற பெட்டியை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய? ஊருக்குப் போனால் அம்மா வீட்டு மைக்ரோவேவ் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு 9:14 காட்டும்போது விரல் துடிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் ராத்திரி போன் பேசும்போது அந்தப் பக்கம் காற்றும் மழையும் என்றாள். கரண்ட் இருக்கா என்று கேட்டேன்.

"இருக்கு. மணி இப்ப ஒம்போது. அது மூணு நாப்பது காட்டுது."

மனதுக்குள் கழித்தேன். "அஞ்சு இருபதுக்கு வந்துச்சா?"

"ஆமா. லைன்மேன் தம்பி நோட்டுல அஞ்சு மணின்னு எழுதி வச்சிருந்தான். இல்லப்பா, அஞ்சு இருவதுன்னேன்."

"மாத்தி எழுதினாரா?"

"எழுதாம? உள்ள வந்து மைக்ரோவேவப் பாத்துட்டுத்தான போனான்."